பொன் பெயின்ற் அடித்த ட்ரெய்லர்

யூன் 8, ஞாயிறு

மழை. காலையிலிருந்து விடவில்லை. வலது மணிக்கட்டில் வலி. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி.

நேற்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும். அண்ணையின் கதை எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும். என் கதை இங்கே மட்டுமாவது இருக்கட்டும்.

ஒட்டாவாவில் கல்யாணம் முடிந்து, அண்ணை வாடகைக்கு விடும் மணவறையைக் கழற்றி ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு மொன்ட்ரியாலுக்குத் திரும்பினோம். வான் வண்டியை ஓட்டியது நான். அண்ணை பக்கத்தில், போனில், அடுத்த கல்யாணக்காரரோடு. ஹைவேயிலிருந்து இறங்கும் சரிவு. கீழே சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தேன். வான் நிற்கப் பார்த்தது. பின்னால் வந்த ட்ரெய்லர் விடவில்லை. முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒருவன் தள்ளுவது போல. உடம்பின் முழுப் பாரமும் காலில். விளக்கைத் தாண்டி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, சந்தி நடுவில் போய்த்தான் நின்றது.

ஒரு சைக்கிள்காரி. அவளுடைய முன் சில்லுக்கும் எங்கள் பம்பருக்கும் இடையில் ஒரு சாண். இறங்கி வந்தாள். பொனற்றில் உள்ளங்கையால் இரண்டு அடி. "தபர்னாக்!" அந்த வசைக்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் விழவில்லை. வாய் அசைந்தது மட்டும். என் வயது இருக்கும். ஹெல்மெட் சரிந்திருந்தது. நேராக்கப் பார்த்தாள், முடியவில்லை, விட்டுவிட்டாள்.

றோட்டு காய்ந்திருந்தது. குறித்துக்கொள்கிறேன். மழை என்று அண்ணை மாற்றிச் சொல்லக்கூடும்.

"ஓடத் தெரியாட்டிச் சொல்லு, நான் ஓடியிருப்பன்."

"பிரேக் பிடிக்கேல்லை அண்ணை. ட்ரெய்லர் தள்ளுது."

"பிரேக்குக்கு என்ன? போன கிழமையும் நான் ஓடினனான். பிரேக் எண்டுறது காலில இருக்கு. உன்ர கால் புத்தகத்துக்குள்ள கிடக்கு. இறங்கு."

இறங்கினேன். மிச்சத் தூரம் அவர் ஓட்டினார், எறும்பு வேகத்தில், அதை அனுபவம் என்று காட்டிக்கொண்டு. போன கிழமை ஓடினாராம். நகரத்துக்குள், வெறும் ட்ரெய்லரோடு.

கர்க்லாண்டில் அவர் வீடு. சப்பாத்துக் கழற்றும் முன்பே அண்ணியிடம்: "உங்கட கவிஞர் இண்டைக்கு ஒருத்தியைக் கொல்லப் பார்த்தவர்."

அவர்களின் மகள் (ஏழு வயது) தட்டிலிருந்து நிமிர்ந்து பிரெஞ்சில் கேட்டாள், யாரை, ஏன் என்று. அண்ணி எனக்குச் சோறு குறைவாகப் போட்டார். அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

நான் கவிதை எழுதுவதில்லை. ஒப்பிலக்கியம், முடியாத ஆய்வேடு. பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ரொறன்ரோப் பயணம், அடுத்த கல்யாணத்துக்கு. மணவறை முழுவதும் ட்ரெய்லரில். வானில் அண்ணை, மணப்பெண் அலங்காரத்துக்கு அண்ணி, மகள், பாரம் தூக்க நான். ஆறு மணித்தியாலம் லொறிகளுக்கு நடுவே.

ஆகவே பிரேக்கைப் பார்க்க வேண்டும். பொய் எழுதக்கூடாது: எனக்கு வேண்டியது பிரேக் இல்லை. "பிழை என்னில" என்று அவர் வாயால் ஒருமுறை.


யூன் 9, திங்கள்

வெயில், காற்று. நான் இருக்கும் மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி சென்ட் லோரன்ட். மணவறைச் சாமான் வைக்கும் ஸ்ரோர். பின்னால் வானும் ட்ரெய்லரும். பக்கத்து மருந்துத் தொழிற்சாலையிலிருந்து இருமல் மருந்துப் பாணி மணம்.

அண்ணை போனில்: "வான் திறப்பு மேசைக்குள்ள கிடக்கு. ஒண்டையும் கழட்டிக் கொட்டிப்போட்டு நிக்காதை. வெள்ளி விடிய எனக்கு வண்டி வேணும்."

"பார்க்கத்தான் போறன்."

"பார். வடிவாப் பார். பேந்து வந்து, அண்ணை, என்ர கால்தான் எண்டு சொல்லு."

படித்தவை (ஒரு கையேடு, நான்கு வீடியோ):

– வானில் பிரேக்கை மிதித்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சின்னப் பெட்டி ட்ரெய்லருக்கு மின்சாரம் அனுப்பும்.
– ட்ரெய்லரின் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு மின்காந்தம். அது ஒட்டி இழுக்க, பிரேக் கட்டை விரிந்து சில்லைப் பிடிக்கும்.
– பெட்டியில் ஒரு எண். ஒன்றிலிருந்து பத்து வரை. எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்பது.
– பெட்டியில் ஒரு கைப்பிடியும் உண்டு. அதைத் தள்ளினால் வானின் பிரேக் இல்லாமல் ட்ரெய்லரின் பிரேக் மட்டும்.

எண் இரண்டில் நின்றது. இரண்டு! இருபது ஆட்டுக்கல் பாரத்தை இழுத்துக்கொண்டு. அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், நான்தான் குறைச்சு விட்டனான். பனிக்காலம் கூட்டி வைக்க வெடுக்கெண்டு பிடிச்சுது. கண்ணாடிக் குத்துவிளக்கு ரெண்டு போச்சு."

"அண்ணை, அது பிடிக்கத்தானே வேணும்."

"நீ எனக்குப் படிப்பிக்காதை."

பிழையைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஐந்து நிமிடச் சந்தோஷம். எண்ணை எட்டாக்கி, ஸ்ரோருக்குப் பின் உள்ள குறுகிய ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி, கைப்பிடியை முழுதாகத் தள்ளினேன். ஒன்றுமில்லை. ட்ரெய்லர் தன் பாட்டில் வந்தது. பத்துக்குக் கூட்டினேன். ஒரு சின்னத் தயக்கம், அவ்வளவுதான். பேராசிரியர் என் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டுவது போல.

ஆக, எண் இல்லை. வேறு ஏதோ.

மத்தியானம்: பாண், பருப்பு. பஸ்ஸில் ஒருத்தி இன்னொருத்திக்கு: "மாமிக்கு நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை, மருமோள் எண்டு மட்டும் சொன்னனான்." விளங்கவில்லை. அழகாக இருந்தது.


யூன் 10, செவ்வாய்

முகில். ஜாக் வைத்து ஒவ்வொரு சில்லாகத் தூக்கினேன். தனியாள். வானில் கைப்பிடி திரும்பி வராமல் இருக்க மகளின் தலைமயிர் றப்பரால் கட்டினேன். டொலர் கடையில் வாங்கிய திசைகாட்டியைச் சில்லுக்குப் பக்கத்தில் பிடித்தேன். காந்தம் வேலை செய்தால் ஊசி திரும்ப வேண்டும்.

முன் இடது: ஊசி சோம்பலாகத் திரும்பியது. சில்லைக் கையால் சுற்றினால் சுற்றுகிறது.
முன் வலது: அதே.
பின் இடது: அதே.
பின் வலது: அதே. அல்லது திசைகாட்டியைச் சரியாகப் பிடிக்கவில்லை.

நான்கு காந்தமும் ஒரே நேரத்தில் பலவீனமா. அந்தக் கேள்வியை அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அண்ணை மலிவாக வாங்கிய ட்ரெய்லர், மலிவான காந்தம், அவரைப் போலவே எல்லாம், என்று மனம் ஓடியது. வெறுப்பு மனிதனை மெத்தனமாக்குகிறது.

அதற்கிடையில் கட்டைகளைச் சரிசெய்தேன். சில்லின் பின்பக்கத் தகட்டில் ஒரு றப்பர் மூடி. அதைப் பிடுங்கினால் உள்ளே பல்லுள்ள சிறு சக்கரம். வளைந்த ஸ்குரூ டிரைவரை விட்டு, பல் பல்லாகத் தள்ளி, சில்லு சுற்ற முடியாமல் இறுகும் வரை. பிறகு பத்துப் பல் பின்னுக்கு. சுற்றினால் மெல்லிய உரசல் கேட்க வேண்டும், அவ்வளவு. நான்கு சில்லுக்கும் இரண்டு மணித்தியாலம். கட்டை தேய்ந்து எவ்வளவு தூரம் விலகியிருந்தது! வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் தொட்டதில்லை.

நல்ல வேலை இது. உரசல் சரியாக வரும்போது உடம்புக்குள் ஏதோ அமைதியாகிறது. யாரையும் நினைக்கவில்லை, இரண்டு மணித்தியாலம்.

மறுபடி ஒழுங்கையில் ஓட்டினேன். கொஞ்சம் மேல். போதாது.

உதிரிப்பாகக் கடை. கவுண்டரில் நரைத்த பின்னலோடு ஒரு பெண். போன்ஜூர் சொன்னேன். நான்கு காந்தம் வேண்டும் என்றேன்.

"நான்கும் போய்விட்டதா?" பிரெஞ்சில், கீபோர்டிலிருந்து கண் எடுக்காமல்.

"ஓம்."

"ஏர்த் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

இப்போதுதான் நிமிர்ந்தாள். என்னையும் என் சுத்தமான சேர்ட்டையும் பார்த்தாள். "போய்ப் பார். பிறகு வா." எனக்குப் பின்னால் நின்றவனைக் கூப்பிட்டாள்.

நான் சொல்வதை நம்பாத இன்னொருவர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தேன், நல்ல பிரெஞ்சில்.


யூன் 11, புதன்

வெக்கை. கண்டுபிடித்தாயிற்று.

காந்தத்துக்கு மின்சாரம் போனால் மட்டும் போதாது, பற்றரிக்குத் திரும்பவும் வேண்டும். திரும்பும் வழிதான் ஏர்த். நான்கு சில்லிலிருந்தும் வரும் மின்சாரம் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்துக்குள் இறங்கி, சட்டத்தின் மூக்கில் ஒரே ஒரு போல்ற்றில் பூட்டிய வெள்ளை வயரால் வானுக்குப் போகிறது. மீற்றரை வைத்தேன். அந்த ஒரு போல்ற்றில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

போல்ற்றைக் கழற்றினேன். கீழே பொன்.

சட்டம் முழுக்கப் பொன். மணவறைத் தூணுக்கு அடிக்கிற பொன் பெயின்ற், மூன்று பூச்சு. மின்சாரம் போகாது. மறையின் ஓரத்தில் எங்கோ ஒரு மயிரிழை இரும்பு தொட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் ஊசி சோம்பலாகவாவது திரும்பியது.

கதை இதுதான். போன மாதம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்தை ட்ரோன் விட்டு மேலேயிருந்து எடுத்தார்கள். வெள்ளைக் குதிரை, மேளம், நாதஸ்வரம், அதற்குப் பின்னால் கார் நிறுத்துமிடத்தில், எல்லாப் படத்திலும், எங்கள் ட்ரெய்லர், துருக் கறள் பிடித்து. பெண்ணின் தகப்பன் அண்ணைக்குப் போன் எடுத்தார். "தம்பி, என்ர மகளின்ர கல்யாண அல்பத்தில உம்மட கறள் பெட்டிதான் வடிவா விழுந்திருக்கு." அண்ணை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மிஞ்சிய பொன் பெயின்ற் வாளி எல்லாம் வெளியே வந்தது. "கழட்டக்கூடியதெல்லாம் கழட்டு. ஒரு இடம் விடக்கூடாது. மேல இருந்து பார்த்தா கோயில் தேர் மாதிரி இருக்கவேணும்."

ட்ரோனுக்காகப் பூசிய பொன்னால் ஒருத்தி செத்திருப்பாள். இதைவிட நல்ல வாக்கியம் என் ஆய்வேட்டில் கிடையாது.

படம் எடுத்தேன். போல்ற், பொன், வெள்ளை வயர். நெருக்கமாக மூன்று, தூரத்திலிருந்து ஒன்று. சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தொழிற்சாலை ஆள் ஒருவன் சிகரெட்டோடு திரும்பிப் பார்த்தான்.

பிறகு போல்ற்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வொஷர். மேலே ஒன்று, கீழே ஒன்று.

அண்ணை வொஷர் போடுகிற ஆள் இல்லை. வொஷர் போடுவது மினக்கேடு என்பவர். இரண்டு பக்கமும் வொஷர் போடுவது நான்.

அவர் பெயின்ற் அடித்தார். பூட்டியது நான். இப்போது ஞாபகம் வருகிறது: காதில் கருத்தரங்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, யாரோ மௌனத்தைப் பற்றி. வயரின் வளையத்துக்குக் கீழே பொன் பளபளத்தது. வடிவாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். இறுக்கினேன்.

அரை மணித்தியாலம் ட்ரெய்லரின் மூக்கில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு யோசனை வந்தது. எழுதுகிறேன், இங்கே எழுதாவிட்டால் வேறெங்கே. அப்படியே திரும்பப் பூட்டிவிடலாம். வெள்ளிக்கிழமை ஓட்டப்போவது அவர். எங்கேயோ ஒரு லொறி திடீரென்று நிற்கும். அவருடைய முதுகில் அந்தக் கை. அப்போது தெரியும், கால் யாருடையது என்று. நானும் அந்த வானில் இருப்பேன் என்பது தடையாகத் தெரியவில்லை.

வானுக்குள் தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போனேன். பின் சீட்டில் மகளின் இருக்கை. பட்டியில் காய்ந்த யோகற்.

அரம் எடுத்தேன். வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டினேன், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு. அரத்தாள் போட்டேன். புது போல்ற், புது வொஷர், மேலே கொஞ்சம் கிரீஸ், கறள் வராமல். கைப்பிடியைத் தள்ளினேன். நான்கு சில்லிலும் மெல்லிய ரீங்காரம். கையால் சுற்றப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை.

படங்களை அழிக்கவில்லை.


யூன் 12, வியாழன்

அதே வெக்கை. அண்ணை பத்து மணிக்கு வந்தார். பெட்டியின் எண்ணை ஆறில் வைத்திருந்தேன். பார்த்தார், தொடவில்லை. சாமான் ஏற்றினோம்: தூண் ஆறு, மேல் வளைவு, இரண்டு சிங்காசனம், கண்ணாடிக் குத்துவிளக்குப் பெட்டிகள், செயற்கை வாழைமரம் இரண்டு. ஒழுங்கையில் அவரே ஓட்டினார். பிரேக்கை மிதித்தார். ட்ரெய்லர் அமர்ந்து நின்றது. போன் டாஷ்போர்டிலிருந்து அவர் மடியில் விழுந்தது.

"பார்த்தியோ."

"ஓம். நேற்றையில இருந்துதான் பிடிக்குது. ஏர்த்..."

"முந்தியும் பிடிச்சது. நீ மிதிக்கேல்லை. மிதிக்காம இருந்துபோட்டு ரெண்டு நாள் சாமான் கழட்டி விளையாடியிருக்கிறாய்." போனை எடுத்து அண்ணியை அழைத்தார், ஒலிபெருக்கியில், நான் கேட்க: "வண்டியில ஒரு பிழையுமில்லை. நான் இப்பத்தான் ஓடிப் பார்த்தனான். பயப்பிடாதையும். நாளைக்கு நான்தானே ஓடுறன்."

மூன்று நாள். நகத்துக்குள் கிரீஸ். நான் கேட்டது ஒரே ஒரு சொல்.

பின்னேரம் கர்க்லாண்ட் போனேன். ஸ்ரோர்த் திறப்புக் கொடுக்க என்று சாட்டு. அண்ணை குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி மேசையில் மணப்பெண்ணின் சடைநாகத்துக்குப் பூத் தைத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன்.

"என்ன தம்பி இது?"

சொன்னேன். ஏர்த், பெயின்ற், ட்ரோன், சைக்கிள்காரி. ஒழுங்காக, நிதானமாக. அண்ணி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக நான் முடிக்கும் வரை ஒருவர் கேட்டார்.

"அண்டைக்கு உம்மில பிழையில்லை, என்ன."

"இல்லை அண்ணி."

படத்தை மறுபடி பார்த்தார். "இதை ஆர் பூட்டினது?"

உண்மையான பதில் ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது: பெயின்ற் அடித்தது அண்ணை. ஆனால் கேட்டது அது இல்லை.

"அண்ணை," என்றேன்.

"படத்தை எனக்கு அனுப்பிவிடும்."

அனுப்பினேன். குளியலறையில் தண்ணீர் நின்றது. திரும்பும் பஸ்ஸில் நெஞ்சு லேசாக இருந்தது. வெட்கம் பிறகு வரும் என்று காத்திருந்தேன். இதுவரை வரவில்லை.


யூன் 13, வெள்ளி

ரொறன்ரோ. மண்டபத்தின் பின்கதவுப் படியில் இருந்து எழுதுகிறேன்.

காலை எட்டரை, கர்க்லாண்ட். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும் முன் புறப்பட வேண்டும். வானின் நான்கு சில்லுக்கும் கீழே நசிக்கத் தேசிக்காய் வைத்தாயிற்று. மகள் தன் இருக்கையில் ஏறிவிட்டாள். அண்ணி வாசலில் நின்றபடியே.

"இஞ்சாருங்கோ. இது நீங்கள் பூட்டினதோ?"

அண்ணை போனை வாங்கினார். வெயிலில் தெரியவில்லை, கையால் மறைத்தார். இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தார். நிறைய நேரம் பார்த்தார். போல்ற்றைப் பார்க்கிறார், வொஷரைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

என்னைப் பார்க்கவில்லை.

"ஓம். நான்தான்."

"உதாலதான் அண்டைக்குப் பிரேக் பிடிக்கேல்லையாம். அவன் கத்தக் கத்த நீங்கள் அவன்ர கால் எண்டு ஊரெல்லாம் சொன்னீங்கள்."

"இப்பச் சரிதானே."

"உங்களுக்குச் சரி. நானும் பிள்ளையும் பஸ்ஸில வாறம்."

அண்ணி மகளை இறக்கினார். அலங்காரப் பெட்டியை எடுத்தார். மகள் பிரெஞ்சில் அழுதாள், ஜன்னல் சீட் தன்னுடையது என்று. கதவு சாத்தும் சத்தம். "ஏறு," என்றார் அண்ணை. தேசிக்காய் நசிந்தது.

நான் கேட்க நினைத்தது, அவர் வாயால், இதோ கிடைத்துவிட்டது. என் பொய்யைத் தன் வாயில் வாங்கிச் சொன்னார். அவரை இவ்வளவு வெறுத்ததில்லை.

கோர்ன்வோல் தாண்டினோம். பிரேக் நன்றாகப் பிடித்தது. ஒரு தடவை லொறி ஒன்று குறுக்கே வந்தது, மிதித்தார், எல்லாம் ஒன்றாக நின்றது.

பெற்றோல் அடிக்க நிறுத்தினார். சரிசெய்த பிறகு முதல் ஓட்டத்தில் சில்லுகளின் சூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. தொட்டேன். மூன்று இளஞ்சூடு. பின் வலது சுட்டது. கட்டை உரசுகிறது, கூட இறுக்கிவிட்டேன். ஜாக் வைத்துத் தூக்கி, நிலத்தில் படுத்து, தகட்டுக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டேன். அங்கிருந்து பார்க்க அண்ணையின் சப்பாத்து இரண்டு மட்டும் தெரிந்தது. வந்து நின்றன.

"ரெண்டு பக்கமும் வொஷர்," என்றார்.

நான் ஒரு பல் பின்னுக்குத் தள்ளினேன்.

"உன்ர பேரைச் சொல்லியிருந்தா உன்ர அண்ணி உன்னை என்ர வண்டிக்குக் கிட்டவும் விடாள். பேந்து தூணின்ர மற்றப் பக்கத்தை ஆர் தூக்குறது? ஐயரோ?"

இன்னொரு பல்.

"உனக்காகச் சொன்னனான் எண்டு நினைக்காதை."

"நினைக்கேல்லை."

"அவளிட்ட நீயே சொல்லு. இப்ப போன் எடுத்துச் சொல்லிப்போடாதை, நாசமாப் போவாய். தூண் எல்லாம் இறக்கினாப் பிறகு சொல்லு."

சில்லைச் சுற்றினேன். மெல்லிய உரசல். மூடியைப் போட்டேன்.

ஆறு தூணும் இறக்கியாகிவிட்டது. அண்ணியின் பஸ் ஏழு மணிக்கு வந்து சேரும். இப்போது ஆறே முக்கால்.